முதல் ஊதியமும் முதல் பிடித்தமும்



சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தோம். நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கையில் ஒரு தாளுடன் நம்மை அணுகினார். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். மாலை வேளைகளில் ஒரு நிறுவனத்திற்குக் கணினியில் படம் அமைத்துக் கொடுக்கின்றான். மாதம் 8,000 ரூபாய் தருவதாகப் பேச்சு. கைக்கு வந்ததோ 7,200 ரூபாய்.

"ஏனுங்க, பையன் வாங்கறதே எட்டாயிரம். அதுலயும் எண்ணூறு ரூவா வரின்னு புடிச்சுப் போட்டாங்களே, இது நாயமுங்களா?" என்று கேட்டார் அத்தாய்.

"அது அரசுக்குச் செல்லும் வரி, அம்மா, கவலைப்படாதீர்கள்" என்று விடையளித்து அனுப்பிவிட்டோம். இல்லம் திரும்பிய பின்னரே, நாம் தந்த விடை அரைகுறையானது என்பது நம் நெஞ்சை உறுத்தியது. அந்த 800 ரூபாய் அரசுக்குச் செல்லும் என்பது உண்மை. ஆனால் அது அரசுக்கு உரியதன்று, அம்மாணவனுக்கே உரியது. கேட்டால் திரும்ப வரும், கேளாவிடில் வாராது. இதனைச் சொல்லாமல் அத்தாயை அனுப்பியது நம் பிழை. அப்பிழைக்கு ஈடாகவே இத்திங்களின் பகுதியை இப்பொருளுக்கு ஒதுக்குகின்றோம்.

நம் கொங்கு நாட்டில் படிக்கும் பிள்ளைகள் உழைப்பது புதிதன்று. சோமனூர்ப் பக்கத்து வீடுகளில் தறிச் சத்தத்தின் நடுவே பாடம் படித்தோர் பலர். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒப்பணக்காரத் தெருவின் துணிக்கடைகளில் துணி விரித்துக் காட்டுவோரில் கல்லூரி மாணவரும் உண்டு. திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறுவோரும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் விடுமுறைக் காலத்தில் வேலை செய்வோரும், இரு சக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு செல்வோரும் நம் குடும்பத்துப் பிள்ளைகளே. இவர்கள் கைக்கு வரும் முதல் ஊதியத்தோடு முதல் பிடித்தமும் வருகின்றது. அதனை எப்படிப் புரிந்துகொள்வது?

வரிப் பிடித்தம்

வேலை கொடுப்பவரே வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் முறை பல நாடுகளில் உள்ளது. அமெரிக்காவில் 1943 முதலும் இங்கிலாந்தில் 1944 முதலும் வாராந்தர, மாதாந்தர ஊதியத்தில் அவ்வப்போதே வரி பிடிக்கப்படுகின்றது. அமெரிக்காவில் கடையில் வேலைக்குச் சேரும் பள்ளி மாணவனும் முதல் நாளிலேயே டபிள்யூ-4 என்னும் படிவத்தை நிரப்புகின்றான். சென்ற ஆண்டில் தனக்கு வரி இல்லை, இவ்வாண்டிலும் இராது என்ற நிலையில் இருப்பவன், பிடித்தம் வேண்டாம் என்று அப்படிவத்திலேயே எழுதித் தரலாம்.

நம் நாட்டில் நிலை சற்று வேறு. இங்கு பிடித்தத்தை முடிவு செய்வது, பணம் எந்தப் பெயரில் தரப்படுகின்றது என்பதே. அது சம்பளமாயின், ஓராண்டின் மொத்தச் சம்பளத்தை மதிப்பிட்டு, வரி உண்டானால் மட்டுமே பிடிக்க வேண்டும். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்படி 4 லட்சம் ரூபாய் வரையிலும் வரி விகிதமே இல்லை; பழைய முறையில் அந்த வரம்பு 2.5 லட்சம். மாதம் 8,000 வாங்கும் மாணவனின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயே. எந்த முறையைத் தெரிந்தெடுத்தாலும் அவனுக்கு வரி இல்லை. ஆதலின் சம்பளமாகத் தந்தால் ஒரு ரூபாயும் பிடிக்கப்படாது.

அதே பணத்தைத் 'தொழில்முறைக் கட்டணம்' என்று நிறுவனம் எழுதிக்கொண்டால் கணக்கு மாறிவிடுகின்றது. 2025 ஏப்ரல் முதல், ஒருவருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இக்கட்டணம் தருவோர் நூற்றுக்குப் பத்து வீதம் பிடித்தாக வேண்டும். வாங்குபவருக்கு வரி உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சி இங்கு இல்லை. ஒப்பந்த வேலையாயின் தனி ஒருவருக்குப் பிடித்தம் நூற்றுக்கு ஒன்று. ஒரே தொகை 30,000 ரூபாயையோ ஆண்டின் கூட்டுத்தொகை 1 லட்சம் ரூபாயையோ கடந்தால் மட்டுமே அதுவும் உண்டு. நம் தாயின் மகனுக்குப் பிடிக்கப்பட்ட 800 ரூபாய், கட்டணம் என்ற பெயரால் வந்ததே.

பான் எண் தராதிருந்தால் பிடித்தம் நூற்றுக்கு இருபது ஆகிவிடும். ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்த பான் எண்ணுக்கும் உயர்ந்த விகிதமே. 'பான் கார்டு வாங்கினால் வரித் தொல்லை வந்து சேரும்' என்று அஞ்சி அதனைத் தள்ளிப்போடும் பெற்றோர் நம்மிடையே உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. மாதம் 8,000 வீதம் ஓராண்டில் பத்து வீதப் பிடித்தம் 9,600 ரூபாய். அவ்வளவும் திரும்பப் பெறத்தக்கது. எண் இல்லாதவனுக்குப் பிடித்தம் 19,200 ரூபாய். அது அவன் பெயரில் எங்கும் பதிவாகாமையால் திரும்பக் கேட்கவும் வழியின்றிப் போகின்றது.

பதினைந்து ஜி பற்றிய மயக்கம்

'15ஜி படிவம் எழுதிக் கொடுத்துவிட்டால் வரி பிடிக்கமாட்டார்கள்' என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். 1961-ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்த எண்ணால் அறியப்பட்ட உறுதிமொழி, வங்கி வட்டி முதலிய சில வருமானங்களுக்கே உரியது. சம்பளத்திற்கோ, ஒப்பந்தப் பணத்திற்கோ, தொழில்முறைக் கட்டணத்திற்கோ அது பொருந்தாது. நிறுவனத்தில் அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். வங்கியிலும், வைப்புத்தொகையின் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைக் கடந்தால்தான் பிடித்தம் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள நிலை. மாணவருள் எத்தனை பேருக்கு அத்துணை வட்டி வரும்? வரி செலுத்த வேண்டியவர் வரி இல்லை என்று அப்படிவத்தில் எழுதிக் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் நினைவில் கொள்க.

அப்படியானால் கட்டணமாகப் பெறும் மாணவன் செய்ய வேண்டுவது யாது? தன் பான் எண்ணைத் தருதல்; பிடித்த தொகைக்குரிய சான்றைக் காலாண்டுதோறும் கேட்டுப் பெறுதல்; வருமானவரித் துறையின் இணையதளத்தில் தன் கணக்கைத் திறந்து, அத்தொகை தன் பெயரில் ஏறியிருக்கின்றதா என்று பார்த்தல்; நிதியாண்டு முடிந்ததும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து திருப்பித் தரும்படி கேட்டல். ஜூலைத் திங்கள் முடிவதற்குள் இதனைச் செய்து முடிப்பது நன்று. தவறினோர் டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குத் தாக்கல் செய்யலாம். பணம் அவன் வங்கிக் கணக்கிற்கே வந்து சேரும். சம்பளக்காரருக்கு ஒரு படிவம், கட்டணம் பெறுவோருக்கு வேறு படிவம் என்பதால் முதன்முறை மட்டும் தெரிந்த ஆடிட்டர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம். 1961-ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம் செயல்படத் தொடங்கும் நாள் 2026 ஏப்ரல் 1. சட்டம் மாறும்போது பிரிவுகளும் படிவ எண்களும் மாறலாம். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மாறா.

பதினெட்டு நிரம்பாதோர்

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் வருமானம் தாய் தந்தையருள் அதிக வருமானம் உடையவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும் என்பது பொது விதி. ஆனால் பிள்ளை தன் உடலுழைப்பாலோ, தன் திறமையாலோ, தனிப் பயிற்சியாலோ ஈட்டியது அவ்வாறு சேர்க்கப்படுவதில்லை. அது பிள்ளையின் வருமானமே என்று சட்டம் தெளிவாகக் கூறுகின்றது. அந்த ஊதியத்தை வங்கியில் இட்டு வரும் வட்டி மட்டும் பெற்றோர் கணக்கில் சேரும். பிள்ளைக்கு வேண்டிய பான் எண்ணைப் பெற்றோரே விண்ணப்பித்துப் பெறலாம். அந்த அட்டையில் ஒளிப்படமும் கையொப்பமும் இரா. பதினெட்டு நிரம்பியதும் அவற்றைச் சேர்த்துப் புதிய அட்டை பெற வேண்டும்; எண் அதுவேதான்.

வரியை விடப் பெரியதொன்றையும் இங்கே கூறியாக வேண்டும். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைத்தல் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகளே உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளோரை அபாயமான தொழில்களில் ஈடுபடுத்துதல் கூடாது. மற்ற தொழில்களிலும் தொடர்ந்து மூன்று மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது. பின் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளுக்கு ஆறு மணி நேரமே எல்லை. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அவர்களை வேலை வாங்கவே கூடாது. முகூர்த்த நாளுக்கு முந்திய இரவு, வரவேற்புப் பந்தியில் பரிமாற நம் பதினாறு வயதுப் பிள்ளையை அனுப்புகின்றோமே, அது சட்டத்திற்கு ஒத்ததா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அங்கு பிடித்தம் ஏதுமின்றி முழுப் பணமும் கையில் கிடைக்கலாம். ஆனால் கணக்கில் வாராத வேலையில், கையில் காயம் பட்டாலும் கணக்கில் வருவதில்லை.

நமக்கென்றே சேரும் பிடித்தம்

ஊதியச் சீட்டில் காணும் எல்லாக் கழிவும் வரியன்று. ஆலையிலோ பெரிய கடையிலோ முறையாகச் சேர்ந்த மாணவனுக்கு வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் பிடிக்கப்படலாம். மாதம் 8,000 ரூபாய் ஊதியத்தில் வைப்பு நிதிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 960 ரூபாய் செல்லும். நிறுவனமும் தன் பங்காக அதே 960 ரூபாயைச் செலுத்த வேண்டும். அதில் ஏறத்தாழ 666 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்கும் எஞ்சியது வைப்பு நிதிக்கும் சேரும். இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி தொழிலாளியின் பங்கு 60 ரூபாய், நிறுவனத்தின் பங்கு 260 ரூபாய். சிறு ஊதியக்காரர் 'எனக்கு இவை வேண்டாம்' என்று விலகிக்கொள்ள வழியில்லை. 1961-ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின் கீழ்ப் பயிற்சி பெறுவோருக்கு மட்டும் இவை பொருந்தா.

பிள்ளை முணுமுணுக்கக்கூடும். அவனுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவது இது: தமிழகத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் காலூன்றியது நம் கோவையில்தான், 1955-இல். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனை பேறுகாலங்களையும் நோய்களையும் கடந்திருக்கின்றன! அந்த 60 ரூபாயால் மாணவனுக்கு மட்டுமன்றி, அவனைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் மருத்துவ உரிமை கிடைக்கக்கூடும். வைப்பு நிதிக்கென வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க யூ.ஏ.என். எண் ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் ஒன்றே. விடுமுறையில் நான்கு திங்கள் வேலை செய்துவிட்டு எண்ணையும் மறந்து, பின்னாளில் வேறு வேலையில் புதிய எண் பெற்று, பழைய பணத்தைத் தேடி அலைவோர் பலர். முதல் நாளிலேயே அவ்வெண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் தாயின் கடமை என்றே கூறுவோம்.

பெயரில்லாப் பிடித்தம்

மூன்றாவதாக ஒரு பிடித்தம் உண்டு. அதற்குச் சீட்டும் இல்லை, எண்ணும் இல்லை. 'சீருடைக்காக', 'முன்வைப்பாக', 'இடையில் நின்றுவிடாமல் இருப்பதற்காக' என்று சொல்லி நிறுத்தி வைக்கப்படும் ஊதியம் அது. இதன் கொடுமையை நம் மண் நன்கறியும். தென் மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்கள் கொங்கு நாட்டு நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்து வரப்பட்டனர். மூன்றாண்டுகள் உழைத்தால் திருமணத்திற்கு ஒரு பெருந்தொகை என்று கூறப்பட்டது. 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. நோயுற்றோ மனம் உடைந்தோ இடையில் விலகியோருள் பலர் அத்தொகையைப் பெறாமலே ஊர் திரும்பினர். 2011-இல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் வெளியிட்ட ஆய்வறிக்கை இதனை உலகறியச் செய்தது.

உழைத்தவரின் கூலியை நிறுத்தி வைத்தல் விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று நாம் சிறு வயதில் மறைக்கல்வியில் பயின்றிருக்கின்றோம். 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமும் அதன்பின் வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும், எவ்வெவற்றைப் பிடிக்கலாம் என்று பட்டியலிட்டே கூறுகின்றன. அப்பட்டியலில் இல்லாததை வேலை கொடுப்பவர் தம் விருப்பம்போல் பிடித்தல் கூடாது. ஆகவே 800 ரூபாய் வரிப் பிடித்தத்தைக் கண்டு கோபம் கொள்ளும் பெற்றோர், சீட்டே இல்லாமல் 500 ரூபாய் குறையும்போது வாளாவிருத்தல் தகாது.

ஒரே குடும்பம்தானே?

மீண்டும் நம் தாயிடம் வருவோம். அடுத்த ஞாயிறு அவரையும் அவர் கணவரையும் தேடிச் சென்று பேசினோம். சீட்டை நன்கு உற்று நோக்கியபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. மகனுக்குப் பான் எண் இல்லாமையால், ஆலையில் மேஸ்திரியாக இருக்கும் தந்தை தம் எண்ணையே நிறுவனத்திற்குக் கொடுத்திருந்தார். "எம் பேருல இருந்தா என்னங்க? ஒரே குடும்பந்தானுங்களே?" என்றார் அவர். அதில் கள்ளம் இல்லை. பிள்ளைக்குத் தொல்லை வேண்டாம் என்ற அன்பே இருந்தது.

ஆயினும் அன்பால் செய்ததும் பிழையே. மகன் ஈட்டிய பணம் தந்தையின் வருமானமாக அரசின் பதிவில் ஏறுகின்றது. பிடித்த தொகையும் தந்தையின் பெயரில் ஏறுவதால், மகன் அதைத் திரும்பக் கேட்க இயலாது. தந்தை கேட்க வேண்டுமாயின், தாம் செய்யாத வேலையைத் தாம் செய்ததாகக் கணக்கெழுத வேண்டும். அன்றாட வாழ்வில் பொய்யே பேசாத ஒரு மனிதர், ஓர் எண்ணைக் கொடுத்த காரணத்தால் பொய்க் கணக்கில் கையொப்பமிடும் நிலைக்கு வந்து நிற்கின்றார். அதனினும் பெரிது ஒன்றுண்டு: பத்தொன்பது வயது மகன், தன் முதல் ஊதியத்தின்போதே, கணக்கு என்பது எவர் பெயரிலும் எழுதிக்கொள்ளத்தக்க ஒன்று என்று கற்றுக்கொள்கின்றான். அந்தப் பாடத்தை அவன் பின்னாளில் எங்கெல்லாம் பயன்படுத்துவானோ!

இதற்குப் பரிகாரம் உண்டு. மகன் பான் எண்ணுக்கு விண்ணப்பித்துவிட்டான். நிறுவனம் காலாண்டுதோறும் வரித்துறைக்கு அளிக்கும் அறிக்கையில் எண்ணைத் திருத்தித் தாக்கல் செய்ய இயலும். அதற்கு மகனே கடிதம் எழுதட்டும் என்று கூறினோம். தந்தை முதலில் தயங்கினார். பின் மகனை நோக்கி, "நீயே எழுதுப்பா, உன் சம்பாத்தியம்" என்றார். நிறுவனம் எப்போது திருத்தும் என்பது இதை எழுதும் வேளையில் தெரியவில்லை. ஆயினும் அவ்வீட்டில் கணக்கு நேராகத் தொடங்கிவிட்டது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை முதல் ஊதியத்துடன் வீடு வரும் நாளில் தொகை எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். அவனையோ அவளையோ அருகில் அமர்த்திக்கொண்டு இந்நான்கையும் கேளுங்கள்: இப்பணம் சம்பளமா, கட்டணமா? ஒவ்வொரு பிடித்தத்தின் பெயர் என்ன? அது யார் எண்ணில் ஏறுகின்றது? அதற்குரிய சான்று எப்போது கிடைக்கும்? நான்கிற்கும் விடை இருந்தால், பிடிக்கப்பட்டது தொலைந்துபோகவில்லை. அது திரும்ப வரும், அல்லது சேமிப்பாய் நிற்கும், அல்லது நோயில் துணை செய்யும். விடை இல்லையேல், மறுநாளே வேலை கொடுப்பவரிடம் பணிவுடனும் அச்சமின்றியும் கேட்டு வரச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்கப் பழகும் பிள்ளை, நாளைக்குத் தானே பிறர்க்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயரும்போது, பிறருடைய கூலியையும் நேராகவே கணக்கிடும்.